படிக்கும் முன்பே பாதி படித்தாகிவிட்டது

காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் எதிர் இருக்கைக்காரர் நாளிதழை நான்காக மடித்துப் படித்துக்கொண்டிருப்பார். மடிப்பில் பாதித் தலைப்பு மறைந்திருக்கும். மீதியில் ஒரு சொல்லை அவருடைய கட்டைவிரல் மூடியிருக்கும். இருந்தும் செய்தி என்னவென்று நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. அதே வண்டியில் வந்து கவரைப்பேட்டையில் இறங்கிக் கல்லூரிக்குப் போகும் முதலாண்டு மாணவர் ஒருவரிடம் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்காமல், திக்காமல் படித்து முடிப்பார். "சரி, இது எதைப் பற்றியது?" என்று கேட்டால் விழிப்பார். அங்கே பாதி எழுத்து மறைந்தும் பொருள் கிடைத்தது. இங்கே எல்லா எழுத்தும் கண்முன் இருந்தும் கிடைக்கவில்லை.

மாணவருக்கு ஆங்கிலச் சொல்வளம் போதாது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மறுபாதி, படிப்பு என்ற வேலை எப்போது தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. கண் முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 'இதில் இன்னது வரப்போகிறது' என்று மூளை முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்கிறது. அதை முன்கணிப்பு என்று அழைப்போம்.

கவரைப்பேட்டைக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1995இல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி வந்ததிலிருந்து நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊரில் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர் கூட்டம் புதிதாக வந்து இறங்குகிறது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் நடத்தப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் பருவ ஆங்கிலத்தின் முதல் அலகிலேயே மூன்று பயிற்சிகள் ஒரே மூச்சில் வந்தன: மேலோட்டமாகப் பார்த்தல், தேடிப் படித்தல், முன்கணித்தல். முதல் இரண்டையும் பரீட்சைக்கு உதவும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது, தமிழ்நாட்டு வகுப்பறைகள் பலவற்றில் ஒரு சடங்கு. "தலைப்பைப் பாருங்கள், இது எதைப் பற்றி இருக்கும்?" முன்பெஞ்சிலிருந்து இரண்டு பதில்கள். "வெரி குட், பக்கத்தைத் திறங்கள்." அந்த இரண்டு நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொள்ள, மூளை எப்படி முன்கணிக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

லோக்கல் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். தினமும் போகிறவர் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. மீஞ்சூர் போனால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி, அதற்கடுத்து கவரைப்பேட்டை என்று வரிசை மனதில் இருக்கிறது. வண்டி மெதுவாகும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை, 'ஆமாம்' என்று ஓர் ஒப்புதல், அவ்வளவுதான். புதிதாக வருபவர் ஒவ்வொரு நிலையத்திலும் எட்டிப் பார்த்துப் பலகையை முழுக்கப் படிப்பார். பார்வை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் கைவசம் உள்ள பட்டியலைச் சரிபார்க்கிறார், மற்றவர் பட்டியலையே இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறார். தினமும் போகிறவர் ஒருநாள் அவசரத்தில் அரக்கோணம் வண்டியில் ஏறிவிட்டார் என்று வையுங்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கொருக்குப்பேட்டைக்குப் பதிலாக வியாசர்பாடி ஜீவா வந்தால் தூக்கிவாரிப் போடும். புதியவருக்கு எந்த அதிர்ச்சியும் இராது, அவர் நிம்மதியாக அரக்கோணம் வரை போய்ச் சேருவார். முன்கணிப்பின் இரண்டு பயன்களும் இதில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, வேலை குறைகிறது. இரண்டு, தவறு நடந்தால் உடனே தெரிகிறது. இந்த இரண்டாவதற்கு ஊகப்பிழை என்று பெயர் வைப்போம். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூளைக்குள் நடப்பது எப்படித் தெரிந்தது? முதல் சாட்சி கண். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் கால் நொடிக்கும் சற்றுக் குறைவாக நிற்கிறது, பிறகு சில எழுத்துகள் தள்ளி அடுத்த இடத்தில் இறங்குகிறது. நிற்பதை நிலைப்பு என்றும், குதிப்பதைத் தாவல் என்றும் சொல்லலாம். கண்ணசைவைப் பதியும் கருவிகள் நுட்பமான பிறகு, 1981இல் சூசன் எர்லிக், கீத் ரேனர் இருவரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். முன்னால் வந்தவற்றை வைத்து எளிதில் எதிர்பார்க்கக்கூடிய சொல்லின் மீது கண் குறைந்த நேரமே நிற்கிறது, பல சமயம் அதன் மீது இறங்காமலே தாண்டிவிடுகிறது. எதிர்பாராத சொல்லில் தங்குகிறது. சொல்லின் நீளத்தையும் பழக்கத்தையும் போலவே எதிர்பார்ப்பும் கண்ணை இழுக்கிறது, தள்ளுகிறது.

இரண்டாவது சாட்சி தலைத்தோலின் மேல் ஒட்டிய மின்வாய்கள். 1980இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டி, படிப்பவரின் மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். சில வாக்கியங்களின் கடைசிச் சொல் பொருந்தாத சொல். நம் ஊருக்கு ஏற்றபடி ஓர் உதாரணம்: 'அம்மா சூடான இட்லிக்குத் தொட்டுக்கொள்ள செருப்பு வைத்தார்.' செருப்பு வந்த சுமார் 400 மில்லிநொடியில், அதாவது அரை நொடிக்குள், மின்னலையில் எதிர்மறைப் பக்கமாக ஒரு சரிவு தெரிந்தது. என்400 என்று அதற்குப் பெயர். அபத்தமான சொல்லுக்கு மட்டும்தான் இது வருமா? 1984இல் அதே இருவரும் இன்னும் சுவையான ஒன்றைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த 'கோடிட்ட இடத்தை நிரப்புக'தான். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பலரிடம் நிரப்பச் சொன்னால், எத்தனை பேர் ஒரே சொல்லை எழுதுகிறார்களோ அது அந்தச் சொல்லின் எதிர்பார்ப்பு அளவு. நிறையப் பேர் எழுதிய சொல்லுக்கு அந்தச் சரிவு சிறிதாகவும், சிலரே எழுதிய சொல்லுக்குப் பெரிதாகவும் இருந்தது. இட்லிக்குச் சட்னி வந்தால் மூளை அலட்டிக்கொள்ளவில்லை. கொத்சு வந்தால் லேசாக. செருப்பு வந்தால்தான் கலவரம். ஆமாம் அல்லது இல்லை என்ற விடை அல்ல இது, ஒரு தராசுமுள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூளை அடுத்த சொல்லை அப்படியே, எழுத்து மாறாமல் ஊகித்து வைத்திருக்கிறதா? 2005இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு ஆம் என்றது. ஆங்கிலத்தில் 'ஆப்பிள்' போன்ற உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'ஆன்' வரும், மெய்யொலிக்கு முன்னால் 'அ' வரும். இவற்றைச் சுட்டு என்போம். படிப்பவர் ஒரு குறிப்பிட்ட பெயர்ச்சொல்லை எதிர்பார்த்திருந்தால், அந்தச் சொல் வருவதற்கு முன்பே, தவறான சுட்டைப் பார்த்தவுடனே மூளை சலனப்படும் என்பது வாதம். 2018இல் பிரிட்டனின் 9 ஆய்வகங்கள் சேர்ந்து 334 பேரை வைத்து அதை மறுபடி செய்து பார்த்தன. பெயர்ச்சொல்லில் வரும் சரிவு அப்படியே வந்தது. சுட்டில் வர வேண்டிய சலனத்தைக் காணவில்லை. ஆக, பொருள் அளவில் முன்கணிப்பு நடக்கிறது என்பது உறுதி. சொல்லின் வடிவம் வரை அது போகிறதா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

ஏட்டளவுச் சண்டையாகத் தோன்றும் இது வகுப்பறையில் பெரிய விளைவை உண்டாக்கிய விஷயம். 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன், படிப்பதை ஓர் உளமொழியியல் ஊக விளையாட்டு என்று வருணித்தார். நல்ல வாசகர் எழுத்துகளை முழுக்கப் பார்ப்பதில்லை, சூழலை வைத்துச் சொல்லை ஊகிக்கிறார் என்பது அவர் கொள்கை. கேட்க இனிமையாக இருந்ததால் உலகெங்கும் ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'தெரியாத சொல்லா? படத்தைப் பார்த்து ஊகித்துவிடு' என்று குழந்தைகளுக்குச் சொல்லும் வழக்கம் பரவியது. கண்ணசைவுப் பதிவுகள் இதை ஏற்கவில்லை. நன்றாகப் படிப்பவர் பொருள் தரும் சொற்களில் பெரும்பாலானவற்றின் மீது கண்ணை நிறுத்தத்தான் செய்கிறார். தாண்டுவது அதிகமும் சின்னச்சின்ன இணைப்புச் சொற்களைத்தான். 1980இல் கீத் ஸ்டானோவிச் எடுத்துக்காட்டியது இன்னும் கூர்மையானது. சூழலை வைத்துச் சொல்லை ஊகிக்க அதிகம் முயல்பவர் நல்ல வாசகர் அல்ல, தடுமாறும் வாசகர்தான். எழுத்து கைகொடுக்காதபோது அவர் சூழலைப் பிடித்துத் தொங்குகிறார். எனவே பொருளை முன்கணிக்கச் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லை ஊகிக்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பத்தி எங்கே போகும் என்று ஊகி, ஆனால் எழுத்தை ஒழுங்காகப் பார். இந்த இரண்டையும் குழப்பியதால் வந்த கெடுதல் கொஞ்சமல்ல.

பொருளை முன்கணிப்பது எதை வைத்து? கீழே உள்ளதைப் படியுங்கள்.

'இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நேரம் போதாது. அளவில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முடிவு கெட்டுவிடும். பிறகு சேர்க்கும்போது கருவியைவிடக் கையே மேல் என்பார்கள் பெரியவர்கள். அதன் பிறகுதான் முக்கியமான கட்டம்: எதுவும் செய்யாமல் இருப்பது. குளிர்காலத்தில் கூடுதலாகச் சும்மா இருக்க வேண்டும். இடம் விட்டு வைக்காதவர்கள் காலையில் தரையைத் துடைப்பார்கள்.'

சிலர் இரண்டாம் வரியிலேயே பிடித்திருப்பீர்கள், சிலர் கடைசியில். இட்லி மாவு. இப்போது திரும்பப் படித்தால் ஒவ்வொரு வாக்கியமும் பளிச்சென்று இருக்கும். சொற்களில் ஒன்றுகூடக் கடினமில்லை. கடினமாக இருந்தது தலைப்பு இல்லாததுதான். 1972இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் இப்படிப்பட்ட மூடுமந்திரப் பத்தி ஒன்றை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடையது துணி துவைப்பதைப் பற்றியது. ஒரு குழுவுக்குத் தலைப்பை முன்பே சொன்னார்கள், இன்னொன்றுக்குப் படித்து முடித்த பிறகு, மூன்றாவதற்குச் சொல்லவே இல்லை. பத்தியில் இருந்த 18 கருத்துகளில் முன்பே தலைப்பு தெரிந்தவர்கள் சராசரியாக 6ஐ நெருங்கி நினைவுகூர்ந்தார்கள். மற்ற இரு குழுக்களும் 3ஐக்கூட எட்டவில்லை. இதில் வியப்பு மூன்றாம் குழு அல்ல, இரண்டாம் குழு. படித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னதால் ஒரு பலனும் இல்லை. முன்னால் வந்தால்தான் அது அறிவு. பின்னால் வந்தால் வெறும் தகவல்.

'இட்லி மாவு' என்ற இரண்டு சொற்கள் என்ன செய்தன? அரிசி, உளுந்து, ஊறவைத்தல், அரைத்தல், புளித்தல், பொங்கி வழிதல் என்று ஏற்கெனவே மனதில் அடுக்கி வைத்திருந்த ஒரு கட்டை எழுப்பிவிட்டன. உளவியலில் இந்தக் கட்டுக்கு உள்ள கலைச்சொல்லைத் தமிழில் மனச்சட்டகம் என்று சொல்லலாம். 1932இல் கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் பார்ட்லெட் இதை நிலைநாட்டினார். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசாவையோ பீகாரையோ சேர்ந்த இளைஞரிடம் மேலே உள்ள பத்தியை அவர் மொழியிலேயே கொடுங்கள். வீட்டில் மாவு அரைத்துப் பழகாதவரென்றால் மொழி முழுக்கத் தெரிந்தும் திணறுவார்.

1979இல் இது இந்தியர்களை வைத்தே சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூவரும் இரண்டு கடிதங்களைத் தயாரித்தார்கள். ஒன்று அமெரிக்கத் திருமணம் பற்றியது, மற்றது இந்தியத் திருமணம் பற்றியது. இரண்டும் ஆங்கிலம். அங்கே வசித்த இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டையும் படித்தார்கள். அவரவர் ஊர்த் திருமணத்தை வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்தார்கள், அயல் திருமணத்தில் இல்லாததைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கடிதத்தில் மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில் அது பெருமை. ஓர் இந்திய வாசகரோ, பெண் நன்றாகத்தான் இருந்தாள், உடைதான் பழையது, நாகரிகம் தாண்டியது என்று நினைவுகூர்ந்தார். கல்யாணப் பெண்ணுக்குப் புதுப்புடவை எடுக்காத குடும்பத்தை நாமும் அப்படித்தான் பேசியிருப்போம். சொற்கள் எல்லாம் புரிந்தன. சட்டகம்தான் வேறு.

அப்படியென்றால் மொழித்திறன் குறைந்தவரும் விஷயம் தெரிந்திருந்தால் ஜெயிக்க முடியுமா? 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கச் சொல்லி, பொம்மைகளை வைத்து அதை நடத்திக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த பலவீன வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள்.

கவரைப்பேட்டைக்கு இதை மாற்றிப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூருவிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு காட்டியிருந்தும் வண்டி, சரக்கு ரயில் நின்ற பக்கத்துப் பாதையான லூப் லைனுக்குள் புகுந்துவிட்டது. பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயமடைந்தனர், உயிரிழப்பு இல்லை. மறுநாள் ஆங்கில நாளிதழ்களில் வந்த செய்தியை இரண்டு மாணவர்களிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சென்னை ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர், ரயில் நிலையம் என்றால் நடைமேடை மட்டுமே கண்டவர். மற்றவர் இந்த ஊர்க்காரர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி பக்கத்துப் பாதையில் மணிக்கணக்கில் நிற்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர். 'லூப் லைன்' என்ற சொல்லைக் கண்டதும் இரண்டாமவருக்கு அடுத்து வரப்போகும் நான்கு வாக்கியங்கள் மனதில் ஓடிவிடும்: நின்ற வண்டி, பாதை மாற்றும் இடம், சிக்னல், விசாரணை. முதலாமவர் ஒவ்வொரு சொல்லாக அளந்துகொண்டிருப்பார். இதை யாரும் சோதித்ததில்லை. ஆனால் பேஸ்பால் ஆய்வைப் பார்த்த பிறகு பந்தயம் கட்ட எனக்குத் தயக்கமில்லை.

இப்போது அந்த இரண்டு நிமிடச் சடங்கு ஏன் பயனற்றது என்று தெரிந்துவிடுகிறது. முன்கணிப்பு என்பது ஒரு திறமை என்று நினைத்து, தலைப்பைக் காட்டி 'ஊகி' என்கிறோம். ஊகிக்கக் கையில் சரக்கு வேண்டும். சரக்கு இல்லாத பிள்ளையிடம் ஊகிக்கச் சொல்வது, வரிசை தெரியாத பயணியிடம் அடுத்த நிலையம் கேட்பதுதான்.

சரக்கு என்பதில் மொழியின் அமைப்பும் சேர்த்தி. இதைக் காட்டிய சோதனை ஒன்றை எனக்கு மிகவும் பிடிக்கும். 1999இல் ஜெர்ரி ஆல்ட்மன், யூகி கமிதே இருவரும் ஒரு படத்தைக் காட்டினார்கள்: ஒரு சிறுவன், சுற்றிலும் ஒரு கேக்கும் சில விளையாட்டுச் சாமான்களும். 'சிறுவன் தின்னப்போவது' என்ற அளவில் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டதுமே, 'கேக்' என்ற சொல் வருவதற்கு முன்பே, கேட்பவர் கண் கேக்கின் மீது போய்விட்டது. 'நகர்த்தப்போவது' என்று கேட்டபோது அப்படிப் போகவில்லை. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருவதால் இது முடிகிறது. வினை கடைசியில் வரும் நம்மைப் போன்ற மொழிக்காரர்கள் என்ன செய்வார்கள், கடைசி வரை வாய்பிளந்து காத்திருப்பார்களா? 2003இல் ஜப்பானிய மொழியில் அதையும் பார்த்தார்கள். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில், பெயரோடு வேற்றுமை உருபு. அங்கே உருபே வேலை செய்தது. நம் மொழியில் சொல்வதென்றால், 'பரிமாறுபவர் வாடிக்கையாளருக்கு' என்று கேட்டதும் எதையோ கொடுக்கப்போகிறார் என்று கண் தட்டைத் தேடும். 'வாடிக்கையாளரை' என்றால் தேடாது. ஒரு 'கு'வும் ஒரு 'ஐ'யும் எதிர்காலத்தைத் திறந்துவிடுகின்றன. இலக்கண வகுப்பில் நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்று உருப்போட்டது இதைத்தான்.

தமிழில் பழகிய மூளை உருபையும் எச்சத்தையும் பார்த்து முன்னே பாய்கிறது. 'நேற்று கவரைப்பேட்டையில் இறங்கிய' என்றதும் ஓர் ஆளோ பொருளோ வரும் என்று காத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுகிறார், இறங்கிய கதை பின்னால் தொடர்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகோடியில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. தெலுங்கும் இவ்விஷயத்தில் தமிழின் பக்கம்தான். ஆக, ஆங்கிலப் பத்தியை முன்கணிப்பது என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் திசை மாறிய பாய்ச்சல். இரண்டாம் மொழியில் முன்கணிப்பு பெரும்பாலும் மெதுவாகவும் தளர்வாகவும் நடப்பதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பழக்கம் பேச்சிலிருந்து வருகிறதா, படிப்பிலிருந்தா? அலகாபாத்தில் ரமேஷ் குமார் மிஸ்ராவும் சகாக்களும், அப்போது நெதர்லாந்தில் பணியாற்றிய ஃபால்க் ஹூட்டிக்குடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். இந்தி பேசும் இரண்டு குழுவினர்: நன்றாகப் படித்தவர்கள், எழுதப் படிக்க மிகக் குறைவாகவே தெரிந்தவர்கள். திரையில் நான்கு பொருள்களின் படம், அதில் ஒன்று கதவு. காதில் 'இப்போது நீங்கள் ஓர் உயரமான கதவைப் பார்ப்பீர்கள்' என்பது போல எளிய வாக்கியம். யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். படித்தவர்களின் கண் 'உயரமான' என்பதற்குரிய இந்திச் சொல்லிலேயே கதவை நோக்கி நகர்ந்தது. மற்றவர்களின் கண் 'கதவு' என்ற சொல்லே காதில் விழுந்த பிறகுதான் போனது. இடைவெளி ஒரு நொடிக்கும் மேல். தாய்மொழி, எளிய வாக்கியம், இருந்தும் ஒரு நொடி! படிப்புதான் காரணம் என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இரு குழுக்களின் வாழ்க்கையும் பல வகையில் வேறு. ஆனாலும், ஆண்டுக்கணக்கில் வரிகளின் மேல் ஓடிப் பழகிய மூளை காதால் கேட்கும்போதும் ஓடுகிறது என்ற விளக்கம் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. முன்கணிப்பால் படிப்பு வளர்கிறது, படிப்பால் முன்கணிப்பு வளர்கிறது. கடன் வாங்கியாவது முதலைப் போட்டுவிட வேண்டும்.

அந்த முதலை எப்படிப் போடுவது? நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கு இதில் தெளிவு இருந்தது. நூலுக்கு முன்னால் வரும் சிறப்புப் பாயிரத்தில் எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எங்கே வழங்குவது, பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பேசுகிறது, யாருக்காக, என்ன பயன் என்று எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறார். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறார், அப்போது பதினொன்று. பாயிரமில்லாத நூல் எவ்வளவு விரிந்ததானாலும் நூலே ஆகாது என்பது அவர் கட்சி. 13ஆம் நூற்றாண்டுக்காரர் என்400 பார்த்ததில்லை. ஆனால் தலைப்பைப் பின்னால் சொல்வதில் பயனில்லை என்பது அந்த மரபுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஆங்கிலப் பத்தியில் அந்தப் பதினொன்றில் பாதியைக்கூட மாணவர் கேட்பதில்லை. இது செய்தியா விளம்பரமா, யாருக்காக எழுதியது, எப்போது எழுதியது என்ற மூன்றைக் கேட்டாலே பத்தி பாதி திறந்துவிடும்.

1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூரு திட்டம் இன்னொரு வழி காட்டியது. இலக்கண விதியை நேரடியாகச் சொல்லிக்கொடுக்காமல், ஆங்கிலத்தில் ஒரு சிக்கலைக் கொடுத்து மாணவர் யோசித்துத் தீர்க்கும் முறை அது. தனியாகச் செய்ய விடுவதற்கு முன், அதே போன்ற இன்னொன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து வாய்விட்டுச் செய்து காட்டுவார். முன்பணி என்று அதைச் சொல்லலாம். சரக்கு அங்கேதான் ஏற்றப்படுகிறது. முன்கணிப்புக்கும் இது வேண்டும்: தலைப்பை எழுதியபின் பத்து நிமிடம் தமிழிலேயே பேசவிடலாம். ஆங்கில வகுப்பில் தமிழா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சட்டகத்துக்கு மொழி கிடையாது, தமிழில் எழுப்பினாலும் ஆங்கிலத்தில் பயன்படும். பிறகு, வரக்கூடிய ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பிள்ளைகளே கரும்பலகையில் எழுதட்டும்.

ஊகம் தப்பாகிவிட்டால்? 2009இல் லிண்ட்சி ரிச்லாண்ட், நேட் கோர்னல், லிச் காவோ மூவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஆலிவர் சாக்ஸ் எழுதிய, நிறக்குருடு பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுக்கும் முன்பே அதிலிருந்து கேள்விகள் கேட்டார்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் விடை வந்தது. பிறகு கட்டுரையைப் படித்துத் தேர்வெழுதியபோது, முன்பு தப்பாகச் சொன்ன அதே கேள்விகளில் இவர்கள் முந்தினார்கள். அதே நேரத்தைக் கூடுதலாகப் படிப்பதில் செலவிட்டவர்கள் பின்தங்கினார்கள். தப்பான ஊகமும் ஒரு கொக்கி. சரியான விடை வரும்போது மாட்டிக்கொள்ள ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஊகத்தை எழுதி வைத்திருக்க வேண்டும், படித்த பிறகு திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ரஸல் ஸ்டாஃபர் 1969இல் வகுத்த முறை இதைத்தான் வற்புறுத்துகிறது. ஊகி, படி, எந்த வரி உன் ஊகத்தைக் காப்பாற்றியது அல்லது கவிழ்த்தது என்று காட்டு. 'வெரி குட்' என்று சொல்லிப் பக்கத்தைத் திறக்கும் வகுப்பில் இந்த மூன்றாம் படியைத்தான் காணோம்.

மூன்றாம் படி இல்லாத முன்கணிப்பு ஆபத்தானதும்கூட. 1983இல் ஐரா ஃபிஷ்லரும் சகாக்களும் ஆங்கில எதிர்மறை வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து என்400ஐ அளந்தார்கள். 'காகம் ஒரு மரமல்ல' என்பது போன்ற உண்மை வாக்கியத்தில் 'மரம்' வந்ததும் சரிவு பெரிதாக இருந்தது. 'காகம் ஒரு பறவையல்ல' என்ற பொய்யில் 'பறவை' வந்ததும் சிறிதாகவே இருந்தது. அந்தக் கணத்தில் மூளை உண்மையைப் பார்க்கவில்லை, ஒட்டுறவை மட்டும் பார்த்தது. ஆங்கிலத்தில் மறுப்பு முன்பே வந்துவிட்டிருந்தும், 'அல்ல' என்பது தாமதமாகத்தான் உறைக்கிறது. கவரைப்பேட்டையில் படித்து முடிக்கும் பிள்ளைகளில் பலர் நாளை ஏதோவொரு தொழிற்சாலையில் வேலை விதிகளைப் படிக்கப்போகிறவர்கள். கொதிகலன் அருகே தமிழில் 'அழுத்தம் குறையும் முன் மூடியைத் திறக்கக் கூடாது' என்று எழுதினால் 'கூடாது' கடைசியில் நிற்கிறது. ஊகித்துக்கொண்டே ஓடும் கண் அங்கே வந்து சேர்வதற்குள் வாக்கியத்தை முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அதே மறுப்பு முன்னாலேயே ஒரு மூன்றெழுத்துச் சொல்லாக வந்து, கண் தாவிப் போகும் குட்டிச் சொற்களின் கூட்டத்தில் நிற்கும். ஆகவே இப்படிப்பட்ட வாசகத்தை வகுப்பில் படிக்கவைக்கும்போது ஊகத்தை எழுதவைத்த ஆசிரியர், அடுத்து அதை ஒதுக்கி வைக்கச் சொல்லி, மறுப்புச் சொல் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போடச் சொல்ல வேண்டியிருக்கும்.